கூடை மண்ணுக்குக் கூடை மண்

பாகூர்,
யுவ வருஷம், தை மாதம் 22

சென்னப்பட்டணத்தில் உபாத்தியாயினியாக இருக்கும் மகள் தனக்கொடிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மூலநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், சினைப்பசுவும் சுகம். உனக்குச் சளி விட்டதா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு.

அம்மா தனக்கொடி, நம் உவர்க்கழனி ஜெயித்துவிட்டது! அறுப்பு முடிந்து, நெல் கொட்டக் களத்தில் இடம் போதாமல் கோயில் பக்கத்திலும் பாய் விரித்தோம். லீவில் நீ வந்தபோது, தழை உரத்துக்கு விதைத்து மஞ்சளித்து நின்ற தக்கைப்பூண்டைப் பிடுங்கிப் பார்த்து, வேரில் முடிச்சே இல்லை, அதில் குடியிருந்து காற்றிலிருந்து உரம் எடுத்துத் தரும் நல்ல கிருமி நம் மண்ணில் இல்லை, பூண்டு செழிக்கும் கழனி மண்ணை விதையோடு கலக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பெரியப்பா, இன்னாடா தணிகைவேலு, கிருமி வளர்க்கவா பொண்ணை பி.ஏ. படிக்க வச்சே, இந்தச் சம்பாவும் போச்சுன்னா சவுக்கு நட்டுடுவேன் என்றார். பாகம் பிரியாத நிலம், மூத்தவர் சொல், என்ன செய்ய? நீயும் வாய் திறக்காமல் ரயிலேறிவிட்டாய்.

கிருமாம்பாக்கத்தில் பூண்டு செழிக்கும் கழனி சுப்பராயலுவுடையது, அவரிடம் மண் கேட்டேன். சீதேவியைக் கூடையில் அள்ளிக் கொடுப்பேனா, போய்யா என்று விரட்டிவிட்டார். உன் அம்மா சும்மா இருப்பாளா? நம் கழனி மண்ணை ஒரு கூடை அள்ளி, வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து அவர் வீட்டு வாசலில் இறக்கி, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறீங்களே, மண்ணு குடுத்து மண்ணு எடுத்தா சீதேவி எங்கே போயிடுவா என்றாள். அவர் மனைவி கனகாம்பாள் சிரித்துக்கொண்டே எங்கள் கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவர்கள் கழனி மண்ணை ஒரு கூடை அள்ளித் தந்தாள். அன்று முதல் சுப்பராயலு என்னைச் சம்பந்தி என்றே கூப்பிடுகிறார்.

விதையில் கஞ்சித் தண்ணீர் தெளித்து, அந்த மண்ணைப் பிசிறி, நிழலில் உலர்த்தி ஆனியில் விதைத்தோம். பூண்டு இடுப்புயரம் வந்தது. வேரெல்லாம் கேழ்வரகு மணிபோல் முடிச்சு, நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம். அப்படியே மடக்கி உழுது சம்பா நட்டோம். அதற்குப் பிறகு கழனி பக்கம் பெரியப்பா வரவே இல்லை, வேறு வழியாய்ச் சுற்றிப் போனார்.

நேற்று களத்துக்கு வந்தார். நெல்லை அள்ளி அள்ளிப் பார்த்தார். நடுவதற்கென்று வாங்கி வைத்திருந்த சவுக்குக் கன்றுகளை வீராம்பட்டினத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். பங்குனியில உன் பொண்ணை வரச் சொல்லு, அவ செஞ்ச வித்தையை ஊரார் கேட்கணும் என்றார். அவள் கூச்சக்காரி, நாலு பேர் எதிரில் பேச மாட்டாள் என்றேன். அவ பேச வேணாம்டா, வரப்பு மேல வந்து நிக்கட்டும், நான் பேசுறேன் என்றார்.

தீர்க்காயுசாய், தலை நிமிர்ந்து இரு. சளி விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போடாதே. லீவு எப்போது என்று உடனே எழுது.

உன் அப்பா,
தணிகைவேல்