சார்ட்டில் வரைந்த ஆட்டுக்காதுகள்

செவ்வாய், பிப். 10

காலையில் பனி, பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். பஸ் லேட். ஜெபம் முடிந்த பிறகுதான் காலேஜ் போய்ச் சேர்ந்தேன். எஸ்தர் மிஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

வாங்கியது: சார்ட் 2, ஸ்கெட்ச் பேனா 1 பாக்கெட், சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு 1 அட்டை. பொட்டு, கூடப் படிக்கும் பிரிசில்லாவின் யோசனை. கடைக்காரர் அவள் வெறும் நெற்றியையும் பொட்டு அட்டையையும் மாறிமாறிப் பார்த்தாராம். வகுப்பே சிரித்தது. வகுப்பு என்றால் பதினேழு பேர்.

சோசியாலஜி இரண்டாம் வருடத்துக்கு ஊர் சர்வே உண்டு. இந்த முறை எங்கள் ஊர். 22 வீடு, 30 கேள்வி, பெண்களிடம் மட்டும். முடிவை அதே ஊரில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டுவது காலேஜ் வழக்கம். "அவங்ககிட்ட வாங்கினதை அவங்களுக்கே திருப்பிக் கொடுக்கணும்" என்பார் மிஸ். வெள்ளி காலை, சமுதாயக்கூடம்.

பெயர் போடக்கூடாது. கதவு எண்ணும் கூடாது. வீட்டுக்கு ஒரு குறி. ஆட்டுக்காது வரைந்தது நான்தான். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் அடையாளமாக ஒரு காதுவெட்டு, எனக்கு அத்தனையும் மனப்பாடம். "கோலம் மாதிரி அழகா இருக்கு முத்து" என்றார் மிஸ். அவர் நாகர்கோவில்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

17வது கேள்வி: வீட்டில் யாராவது உங்களை அடிப்பதுண்டா? ஆமாம் என்ற வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு. மொத்தம் எட்டு. பிரிசில்லா ஒட்டினாள். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் எது எந்த வரிசை என்று பார்க்காமல் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பேச்சியத்தைக்குப் பொட்டு உண்டு, அது தெரியும். அவளிடம் கேட்டது நான். சொளகில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வெளிய தெரிஞ்சா அவிய என்னைக் கொன்னே போட்டுருவாவ தாயி." தெரியாது அத்தை என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

புதன், பிப். 11

 நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணி. தரையில் சார்ட்டை விரித்துத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கிடைக்காட்டில் ஆடுகளோடு தங்கியிருந்த அப்பா குளிக்க வந்தார். அவருக்கு எழுத்து வராது. அந்தத் தைரியத்தில்தான் இந்த நோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டு வைக்கிறேன். டீ டம்ளரோடு பக்கத்தில் குத்தவைத்தார்.

"ஏட்டி, இது பேச்சி வீட்டு வெட்டுல்லா?"

விரல் கீழே இறங்கியது. "இது மேலத்தெரு சுடலை. இது பால்ராசு, நுனியே இருக்காது. இது... ஆமா, அந்த நொண்டிக்கிடா வீடு." இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அப்படி ஒரு சிரிப்பு. "காலேசுல ஆட்டுக்காது பாடம் நடத்துதாவளா? முன்னமே தெரிஞ்சா நானே வந்து நடத்தியிருப்பேனே!"

ஊரில் எந்த ஆம்பளையும் இதைப் படித்துவிடுவான். பெயரை மறைக்கிறேன் என்று பெயரையே எழுதி வைத்திருக்கிறேன். மடச்சி. மடச்சி.

"சிவப்புப் பொட்டு எதுக்கு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கக்கூஸ் இல்லாத வீடுப்பா."

கடைசிக்கு முந்தின வரிசையில் விரல் நின்றது. வலது காதில் இரண்டு வெட்டு, இடது நுனி கிடையாது. எங்கள் ஆடு. பக்கத்தில் பொட்டு.

"நாமதான் போன வருசமே கட்டிட்டோமே. நல்லா ஒட்டுனிய போ." நகத்தால் சுரண்டி எடுத்துச் சுவரில் தேய்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சொந்த வீட்டில் நாமே கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் கேட்டது பிரிசில்லா. அம்மா அடுப்படியில் நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பவே இல்லை.

காலேஜில் மிஸ்ஸிடம் சொல்ல மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பினேன். 

பயம்:
- பேச்சியத்தை.
- இன்டர்னல் மார்க்.
- அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும்.
- அம்மா. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை பார்த்தேன். பிறகு நின்றுவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான் பஸ் ஏறிய பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? அப்பா ஆட்டை அடிக்கமாட்டார். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை.

வியாழன், பிப். 12

மூட்டம். மழை இல்லை. ஊரெல்லாம் கொத்தமல்லி அறுக்கிற வாசம்.

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான். 

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"அப்பா மட்டும் மிஸ்."

"பொட்டு எதுக்குன்னு சொன்ன?"

"கக்கூஸ்னு..."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ வரையும்போதே நான் கேட்டிருக்கணும், இது வெறும் படமான்னு. என் தப்பு."

பழைய சார்ட்டைக் கிழித்துக் குப்பைக்குழியில் கொளுத்தினோம். புதுசில் காது இல்லை, 1 முதல் 22 வரை எண். எந்த வீடு எந்த எண் என்று பிரிசில்லா சீட்டுக் குலுக்கிப் போட்டாள். இனி ஊரில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் எங்கள் வீட்டுப் பொட்டுதான் நினைவில் நின்றிருக்கும். பேச்சியத்தை தப்பித்தாள்.

அம்மா தப்பவில்லை. நாளைக்கு மிஸ் சிவப்பு என்றால் என்ன என்று சத்தமாகச் சொல்வார். தன் வீட்டுக்கு நேரே அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

17வது கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பொட்டு அட்டையையும் ஒட்டவேண்டிய எட்டு எண்களையும் மிஸ் என்னிடம் கொடுத்தார். அதில் எங்கள் வீட்டு எண்ணை மட்டும் வட்டமிட்டிருந்தார். "அம்மாகிட்ட கேளு. அவங்களுக்குப் பயமா இருந்தா அந்தக் கேள்வியையே எடுத்துருவோம்."

சாயங்காலம் கேட்டேன். அம்மா ஆட்டுக்குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அவகிட்ட சொன்ன?"

"அந்தப் பிள்ள கேட்டுச்சு." கயிற்றை இறுக்கினாள். "இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லல்லா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"உனக்குப் படிக்கிற சோலி கெடக்கு."

நாளைக்கு என்ன நடக்கும் என்று எல்லாம் சொன்னேன். அந்தக் கேள்வியை எடுத்துவிடவா என்று கேட்டேன்.  சார்ட்டில் மற்ற பொம்பளைகள் எங்கே என்று மட்டும் கேட்டாள். எண்ணாக இருக்கிறார்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். "அவளுவ அப்படியே இருக்கட்டும்" என்றாள்.  சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் சுவரோரம் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

வெள்ளி, பிப். 13

காலை 8.10. பனி இன்னும் விலகவில்லை.

அப்பா ஆடுகளைச் சுடலை மாமாவிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி. "எம்மவ பேசுதா, எல்லாவனும் வந்துருங்கல" என்று தெருவில் சொல்லிக்கொண்டு வந்தாராம். பேச்சியத்தையின் புருஷனும் வருகிறார்.

அம்மா முன்னாலேயே கூடத்துக்குப் போய்விட்டாள். பெருக்கணுமாம். வாசலைத் தாண்டும்போது பார்த்தேன், நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இருக்கும் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. தலைக்குக் குளித்திருப்பாள், அதனால்தான் என்று நினைத்தேன்.

இப்போதுதான் சார்ட்டை விரித்தேன். 22ஆம் எண்ணுக்குக் கீழே வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், என் ஸ்கெட்ச் பேனாவில், கோணல்மாணலாக இரண்டு காது. வலதில் இரண்டு வெட்டு. இடதுக்கு நுனி இல்லை. பக்கத்தில் பொட்டு. நாங்கள் வாங்கியதைவிடப் பெரியது, அரக்கு நிறம்.

நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். காதையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடலாம். நேரம் இருக்கிறது. விரலை வைத்தேன். வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

வட்டமிட்ட எண்ணை விட்டுவிட்டு மற்ற ஏழையும் எண் பார்த்து ஒட்டிவிட்டேன்.  கர்த்தரே என்றும் சொன்னேன், கருப்பசாமி என்றும் சொன்னேன்.

அப்பா வாசலில் செருப்பைத் தட்டுகிறார். "ஏட்டி முத்து, மசமசன்னு நிக்காத. அந்தச் சார்ட்டைக் கொண்டா, நான் தூக்கிட்டு வாரேன்."