வேகாத வீடு

பாய்,

காலையில் பெய்த மழையில் உனக்கும் எனக்கும் பொதுவான சுவர் நனைந்து மண்வாசனை விட்டது. என் மகன் கட்டிய கான்கிரீட் வீட்டில் மிச்சமிருக்கும் மண்சுவர் அது ஒன்றுதான். இடிக்க நான் விடவில்லை. அந்த வாசனை மூக்கில் இருக்கும்போதே இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். தூணையெல்லாம் தட்டிப் பார்த்தவர், அந்தச் சுவரருகே வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, இந்த ஒரு செவுர இடிச்சிட்டு செங்கல்ல கட்டிடுங்க. வீட்டுக்குப் பாலிசி போட்டுர்லாம்."

"இடிக்க மாட்டேன்."

"அதாங்க, பெரியவங்களுக்கு இதுல விழிப்புணர்வு கம்மி."

விழிப்புணர்வாம்! உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். நீ இல்லை.

நம் ஊர் மாவட்டத் தலைநகரான புதிது. நீ வீட்டிலேயே மெத்தை தைத்தாய். முன்கூடம் முழுக்க இலவம்பஞ்சு மூட்டை. தீபத்தன்று ஊரே நெருப்பைக் கும்பிடும்போது, நீ மூட்டைகள்மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, தண்ணீர் வாளியோடு வாசலில் உட்கார்ந்திருப்பாய். மலையில் தீபம் தெரிந்ததும் நான் கைகூப்புவேன். "எனக்கும் சேத்து வேண்டிக்கண்ணா. மேலயே இருக்கச் சொல்லு" என்பாய்.

வீட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டென்று பேப்பரில் படித்துச் சொன்னவன் நான். பொட்டலத் தாள்களைப் பார்த்தே எழுத்துக் கற்றவன். அச்சில் வந்ததை அப்போதெல்லாம் நம்பினேன். இரண்டு பேரும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். ஒருநாள் அதிகாரி வந்தார். பஞ்சைத்தான் பார்ப்பார் என்று நீ மூட்டைகளை அழகாக அடுக்கி வைத்திருந்தாய். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேனா முனையால் சுவரைச் சுரண்டினார். மண் உதிர்ந்தது.

"கச்சா வீடு. எடுக்க மாட்டாங்க."

"நெருப்புக்குத்தான் சார் கேக்கறோம். மண்ணு எரியுமா?" என்றேன்.

"நெருப்போ மழையோ, கச்சான்னா கச்சாதாங்க."

அவர் தெருமுனை திரும்பியதும் நீ சிரித்தாய். "கச்சான்னா எங்க பாஷைல வேகாததுண்ணா. எங்கப்பா பொறந்த வூடு, இன்னும் வேகலையாம்! இந்த ஊரு வெயில்ல!"

உள்ளேயிருந்து உன் வீட்டுக்காரம்மா, "வேகலன்னா அவர தின்ன வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் அரிசி அரைவேக்காடாக இறங்கினால்கூட 'சோறு கச்சா' என்றுதான் பேச்சு.

நெருப்பு வரவேயில்லை. ஓர் ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. உன் வீட்டு மேற்குச் சுவரில் விரிசல் கண்டதும் உங்களை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அன்றிரவே அந்தச் சுவர் உட்கார்ந்துவிட்டது, அதன்மேல் கூரையும். உயிருக்கு ஒன்றுமில்லை. பஞ்செல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தது.

அந்த ஆபீசுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

"பாலிசியே இல்லாம இன்னா கேக்கறீங்க பெரியவரே?"

"அன்னிக்குக் கேட்டமே, குடுத்தீங்களா?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் கத்தினேன். நீதான் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாய். "வுடுண்ணா. வேகாத வூடு, கரைஞ்சிடுச்சி." அன்று நீ சிரிக்கவில்லை.

பிறகு ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வாடகை வீடு உனக்கு. பார்க்க வந்த என்னிடம் சிமெண்ட் சுவரைத் தட்டிக் காட்டினாய். "பக்கா. ஆனா என்துல்ல." அந்தப் பக்கா சுவர்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாய். உன் மனையில் இப்போது முள்செடிதான்.

நாம் தூங்கிக்கொண்டா இருந்தோம் பாய்? விழித்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றோமே. விழுகிற வீட்டுக்குக் காப்பு இல்லையாம், விழாத வீட்டுக்கு வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டாம். சுவரில் பாதி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எப்படி இடிப்பேன்?

இந்தச் சுவரால் மகன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. உன் பக்கம் கூரை இல்லாததால் அந்தப் பக்கமாகத்தான் சுவர் கரைகிறது. நீ பஞ்சுக்குச் செய்ததுபோல அதன்மேல் சாக்கைப் போர்த்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

சுவர் நிற்காது. தெரியும்.