நைனா கடித்துப் பார்த்த இலை

சேசு மரி சூசை

அம்பத்தூர்,
9-9-1931

அன்பு மகள் லூர்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் நானும் உன் நைனாவும் நீ விட்டுப்போன நாய் டிக்கியும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமா என்று எழுது. வாயோடு என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கேள்.

ரயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து உன் நைனாவுக்குக் கை சும்மா இருப்பதில்லை. போன வாரம் ஆவடியில் யாரோ துரை பங்களாத் தோட்டக்காரனிடம் கேட்டு ஆகாயத்தாமரை வாங்கிவந்து, நம் கொல்லைக் கல்தொட்டியில் மிதக்கவிட்டார். குட்டி முட்டைக்கோசு மாதிரி பச்சையாக அழகாகத்தான் இருந்தது. டிக்கி தண்ணீர் குடிக்கிற தொட்டியாயிற்றே, வாய் வைத்தால் ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். உனக்கு இன்னா தெரியும், பசுவைவிட சாதுவான செடி இது என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் டிக்கி வாயெல்லாம் எச்சில் வழிய, முன்னங்காலால் முகத்தைப் பிராண்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டது. எதிர்வீட்டு வேம்புலி பார்த்துவிட்டு, வெறி புடிச்சிகீதுன்னு கத்திக்கொண்டே உலக்கையோடு வந்துவிட்டான், பின்னாலேயே தெருச்சனம். நான் டிக்கியை முந்தானையால் வளைத்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வைத்துப் பார் என்றார்கள், வைத்தேன். அது மோந்துவிட்டுப் பின்வாங்கியது, அவ்வளவுதான், தண்ணியைக் கண்டு பயப்படுது பாருன்னு வேம்புலி உலக்கையை ஓங்கிவிட்டான். உனக்கு என்ன பதில் எழுதுவேன் என்றுதான் நினைத்தேன் லூர்து. அப்போதுதான் அதன் பல்லிடுக்கில் பச்சையாக ஒரு துணுக்கு கண்ணில் பட்டது. டிக்கியை இடுக்கிக்கொண்டே கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டியில் பாதி கடித்த இலை.

அதை எடுத்துவந்து சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த உன் நைனாவிடம் எல்லார் முன்னாலும் நீட்டி, பசுவைவிட சாது என்றீர்களே, ஒரு கடி கடித்துக் காட்டுங்கள், வேம்புலி போய்விடுவான் என்றேன். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்வாரா, கடித்தார். கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துகிற மாதிரி நாக்கு எரிந்து, மீசை வழியாக எச்சில் வழிய நின்றார். தண்ணீர் நீட்டினால் அவரும் வேண்டாமென்று பின்வாங்கினார். வேம்புலி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இப்போ யார அடிக்கிறதும்மா என்று கேட்டான் பார், தெருவே சிரித்துவிட்டது, உலக்கை கீழே இறங்கிவிட்டது.

இருவருக்கும் வாயைக் கழுவிவிட்டுத் தயிர் கொடுத்தேன். டிக்கி சாயங்காலமே குரைத்தது, உன் நைனாவுக்கு மறுநாள்தான் பேச்சு வந்தது. அதுவரை வீடு கோயில் மாதிரி இருந்தது. வேம்புலி பெண்சாதி முனியம்மா கொல்லைப்பக்கம் வந்து, தன் வீட்டுக்காரருக்கும் ஒரு இலை கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். செடியைப் பிடுங்கிக் காயவைத்துப் புதைத்துவிட்டோம் என்றதும் அவளுக்கு ரொம்ப வருத்தம்.

உங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஏதாவது செடி மிதந்தால் எடுத்துவிடு, சின்னவன் எதையும் வாயில் வைக்கிற வயசு. ஜெபமாலையை மறக்காதே, மழையில் நனையாதே. மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. நாயைக் காப்பாற்றத்தான் வேண்டுமென்றே கடித்தேன் என்று கீழே இரண்டு வரி எழுத உன் நைனா காகிதத்தைக் கேட்கிறார், இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு உன் நன்மையையே நாடும் அம்மா,
ஞானசௌந்தரி