கரைத்தீவுக்குப் போன குடிநீர்

என் அன்பு ராத்தாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி இரண்டு நோன்புக் காலங்கள் கடந்துவிட்டன. எத்தாளையில் உங்கள் வீட்டு வாசலில் சட்டத்தரணிப் பலகை இன்னும் தொங்குகிறது. கழற்ற எனக்குக் கை வரவில்லை.

புத்தளம் நீதிமன்றத்தில் காணி வழக்குகள் பேசிய நீங்கள், "வழக்குப் பேசி ஒருத்தருக்குக் காணி எடுத்துக் குடுக்கலாம் புள்ள, ஊருக்கு ரோடு போட ஏலாது" என்று சொல்லிப் பிரதேச சபைக்குப் போட்டியிட்டீர்கள். பிறகு மாகாண சபைக்கும் தெரிவானீர்கள். பெண் மேடையேறுவதா என்று ஊர் முணுமுணுத்தபோது, வீடு வீடாக ஏறி உங்களுக்கு வாக்குக் கேட்ட தங்கச்சி நான்.

அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அந்த வருடம் உங்கள் ஒதுக்கீட்டில் ஒரேயொரு குடிநீர்த் திட்டம்தான் செய்யலாம். எங்கள் தெருவுக்குத்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். நீங்களோ, போர்க்காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வாழும் கரைத்தீவுக்குக் கொடுத்தீர்கள்.

"எங்கட கிணறும் உப்புத்தானே? வாக்குப் போட்டது நாங்க!" என்று உங்கள் முற்றத்தில் நின்று கத்தினேன்.

"நமக்கு நல்ல தண்ணிக்குப் பள்ளிவாசல் கிணறாவது இருக்கு. அங்க தண்ணி பவுசர் லொறி வராத நாளையில புள்ளைகள் ஸ்கூலுக்கே போறல்ல" என்றீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் உங்களோடு கதைக்கவில்லை. மாகாண சபை கலைந்து, நீங்கள் மறுபடி கறுப்புக் கோட்டோடு பஸ் ஏறுவதை ஜன்னலுக்குள் நின்று பார்ப்பேன். ஏன் ஒருநாளாவது வெளியே வரவில்லை? நோய் முற்றி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் வந்தேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்குமுன் உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது.

போன வாரம் பரீட்சை மேற்பார்வைக் கடமைக்காகக் கரைத்தீவுப் பாடசாலைக்குப் போனேன். பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் குடிக்கத் தண்ணீர் தந்தார். பேச்சுவாக்கில் நான் உங்கள் தங்கை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சிட்டு இருந்த தங்கச்சி நீங்களா? குழாய் திறந்த அன்டு அவங்க எங்கட வீட்டுலதான் பிளேன்டீ குடிச்சாங்க. 'என்ட தங்கச்சி கேக்கிறதும் ஞாயம்தான். அவட தெருவுக்கும் தண்ணி எடுத்துக் குடுக்காம எனக்கு நிம்மதி இல்ல' என்டு சொன்னாங்க."

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, ராத்தா? சொல்ல நான் எங்கே இடம் கொடுத்தேன்?

ஊர் திரும்பியதும் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்டு நீங்கள் எழுதிய மனுக்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. கடைசி மனுவில் எழுத்தெல்லாம் நடுங்கியிருந்தது. நோயோடு எழுதியிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை அந்தக் கோப்போடு பிரதேச சபைக்குப் போகிறேன். சபையில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் பேசுவேன். அன்றைக்கு முடியாது என்று சொன்னால் அடுத்த மாதமும் போவேன், அதற்கடுத்த மாதமும்.

தொழுகைக்குப் பின் உங்களுக்காகத் துஆக் கேட்கும்,
ஒரே உம்மா பெற்ற உங்கள் தங்கச்சி,
பரீனா