நான் கொடுக்காத புகாரின் பேரில் நீக்கப்பட்ட நீச்சல் பயிற்சியாளர்

அனுப்புநர்:
இறந்துபோன இரண்டாமாண்டு மாணவியின் தாய்,
மனுத் தட்டச்சு நிலையம்,
நீதிமன்றச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வித் துறை.

பொருள்: மகளிர் கல்லூரி நீச்சல் பயிற்சியாளரை என் புகாரின் பேரில் பணிநீக்கம் செய்ததாகக் கல்லூரி கூறுவது – அப்படி ஒரு புகாரை நான் கொடுக்கவில்லை – ஆணையை ரத்து செய்து மறு விசாரணை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நீதிமன்ற வாசலில் பிறருக்கு மனுத் தட்டச்சு செய்து பிழைப்பவள் நான். நிலத் தகராறு, ஜீவனாம்சம், காணாமல் போன மாடு என்று எல்லாவற்றுக்கும் வாசகம் என் விரல் நுனியில் இருக்கும். இந்த மனுவை மட்டும் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். ‘மேற்படி மாணவி’ என்று என் மகளைத் தட்டச்சு செய்யக் கை வரவில்லை. ஆகவே முறைப்படி இல்லாத இடங்கள் இதில் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. பணிநீக்கம் செய்யப்பட்ட பயிற்சியாளர் அதே கல்லூரியில் படித்தவர். மாணவியாக இருந்தபோது பல்கலைக்கழகப் போட்டிகளில் அந்தக் கல்லூரிக்கு முதன்முதலில் பதக்கம் வாங்கித் தந்தவர் அவர்தான். முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் பாதி அவர் நீந்தி வென்றவை, மீதி அவரிடம் நீந்தக் கற்றவர்கள் வென்றவை. தோள்பட்டை மூட்டு விலகிப் போட்டிகளை விட்ட பிறகு அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்தார். சேர்ந்த நாள் முதல் நீக்கப்பட்ட நாள் வரை அவர் தற்காலிகப் பணியாளர்தான். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும்போது முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஆண்டும் வேலை உண்டா என்று காத்திருப்பார். அவரிடம் பயின்ற பெண் ஒருத்தி தீயணைப்புத் துறையில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டாள். இவர் அந்தப் பெஞ்சை விட்டு எழவில்லை.

3. உடற்கல்வி இயக்குநர் பதவி காலியானபோது அது தனக்கு வரும் என்று அவர் நம்பியிருக்கிறார். தகுதியும் இருந்தது. அது தாளாளரின் உறவினர் ஒருவருக்குப் போயிற்று. அதன் பின் தேர்வு அறை மேற்பார்வை, விழாவில் நாற்காலி போடுவது, விருந்தினருக்குப் பூங்கொத்து வாங்குவது எல்லாம் இவர் தலையில் விழுந்தன. நீச்சல் குளத்துக்கு ஆள் போடவில்லை என்பதால் விடியும் முன் வந்து இலை தழைகளை வலையால் அள்ளுவதும் இவர்தான். இவையெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்தவை அல்ல. என் மகள் தினமும் சாப்பிட்டபடியே பொரிந்து தள்ளுவாள். “எங்க கோச் மேடத்த நாற்காலி தூக்க விடறாங்கம்மா. அவங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குத்தான் வயிறு எரியுது” என்பாள்.

4. என் மகள் சிறு வயதில் முகத்தில் தண்ணீர் பட்டாலே ஊரைக் கூட்டுவாள். தலைக்குக் குளிப்பாட்டுவது எனக்குப் பெரும் போராட்டம். அப்படிப்பட்டவள் கல்லூரியில் சேர்ந்ததும் நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். முதல் நாட்களில் பயிற்சியாளர் அவளை நீரில் இறக்கவே இல்லையாம். படிக்கட்டில் உட்கார வைத்து, காலை மட்டும் நனைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு பாடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். கொதிக்கும் சத்தம் கேட்டு, பால் பொங்குகிறதோ என்று நான் அடுப்படிக்கு ஓடினால், இவள் வாளிக்குள் முகத்தை விட்டுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். என்னடி பைத்தியம் என்று கேட்டதற்கு, “மூச்ச விடத்தான் கத்துக்கணுமாம்மா. விட்டா, எடுக்கறது தானா வருமாம்” என்றாள். அந்த ஆண்டு முடிவதற்குள் கல்லூரி அணியில் இருந்தாள். நான் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். என் பெண் எது என்று தெரியவில்லை. எல்லாத் தலைகளிலும் ஒரே தொப்பி. பயிற்சியாளர் என் அருகில் வந்து, “அதோ, தண்ணியே சிதறாம வராளே, அவதாம்மா” என்றார்.

5. இனி நடந்ததைச் சொல்கிறேன். இது பயிற்சியாளர் சொன்னதும், என் மகளோடு நீந்திய தோழி என் வீட்டுக்கு வந்து அழுதபடி சொன்னதும் ஆகும். இருவர் சொல்லும் ஒத்துப்போகிறது.

குளத்து நீரைச் சுத்தம் செய்யும் எந்திரம் பழுதாகி, நீர் கலங்கிப்போயிருந்தது. தரையில் உள்ள கறுப்புக் கோடு மேலிருந்து தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது என்பது பயிற்சியாளரின் கண்டிப்பான விதி. அந்த வாரம் பயிற்சியையே நிறுத்திவிட்டார். அதே வாரத்தில் நடக்கும் கல்லூரி விழாவுக்குத் தாளாளர் ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்து வருவதாகவும், மாணவிகள் நீந்திக் காட்ட வேண்டும் என்றும் முதல்வர் சொல்லியிருக்கிறார். முடியாது என்று இவர் மறுத்தார். “ரெண்டு தடவ போய்ட்டு வந்தா போதும். நீங்க ஏன் எல்லாத்துக்கும் முட்டுக்கட்ட போடறீங்க?” என்று முதல்வர் கேட்டாராம். கோடு தெரியட்டும், நானே இறக்குகிறேன் என்று இவர் சொன்னார்.

விழா நாளன்று விருந்தினரின் மனைவியை அழைத்து வர ரயில் நிலையத்துக்குப் போகும்படி இவருக்கு உத்தரவு வந்தது. போக மனமில்லாமல் உடற்கல்வி இயக்குநரிடம் போய் நின்றிருக்கிறார். “நீங்க வர வரைக்கும் ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. போங்க மேடம், வண்டி நிக்குது” என்று அவர் சொன்னார். தோழி அப்போது பக்கத்தில்தான் இருந்தாள்.

6. ரயில் தாமதமாகிவிட்டது. விருந்தினரோ காரில் முன்னதாகவே வந்துவிட்டார். காக்க வைக்க வேண்டாம் என்று உடற்கல்வி இயக்குநர் விசில் ஊதிப் பெண்களை இறக்கினார். அவர்கள் நீந்தி முடித்ததும் தாளாளர், தண்ணீருக்கு அடியிலேயே அதிக தூரம் யார் போவீர்கள் என்று கேட்டாராம். மூச்சை அடக்கி அடியில் போகும் விளையாட்டைப் பயிற்சியாளர் அடியோடு தடை செய்திருந்தார். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் ஒரு முன்னறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும், அதுவும் நன்றாக நீந்துபவர்களுக்கே வரும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடற்கல்வி இயக்குநர் என் மகளைக் கை காட்டினார்.

அவள் போனாள். மறு கரை அருகில் எழுந்தாள். கை தட்டினார்கள். இன்னொரு முறை, இன்னும் கொஞ்ச தூரம் என்றார்கள். மறுபடியும் போனாள்.

அவள் அந்தப் பக்கம் கரையேறியிருப்பாள் என்று நினைத்து எல்லோரும் சிற்றுண்டி மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். நீர் தெளிவாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருப்பாள். பயிற்சியாளர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, ஈரத் தலையோடு நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை “அவ எங்க?” என்பதுதான். கேட்டபடியே குதித்தார். கட்டியிருந்த புடவையோடு, காலில் செருப்போடு. விலகிய தோளோடு என் மகளை மேலே கொண்டுவந்தவர் அவர். ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பை அழுத்தி, வாயில் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தவரும் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் விருந்தினரைப் பத்திரமாக அனுப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

7. பயிற்சியாளர் மீது எனக்குக் கோபமே வரவில்லை என்று தங்கள் முன் பொய் எழுத மாட்டேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விழுந்து கிடந்தபோது, “மேடம் எங்க போனாங்க? அவங்க எங்க இருந்தாங்க?” என்று கதறினேன். முதல்வர் பக்கத்தில் நின்றிருந்தார். என் தோளைத் தடவிக் கொடுத்தார்.

8. சில வாரங்களுக்குப் பின் மகளின் சான்றிதழ்களை வாங்கக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகக் கண்காணிப்பாளர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். நல்ல மனிதர். ஆறுதலாக, “உங்க புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சும்மா. அந்தம்மாவ வேலைய விட்டே எடுத்துட்டாங்க” என்றார்.

நான் எந்தப் புகாரும் கொடுக்கவில்லையே என்றேன். அவர் ஆணையைப் பார்த்துவிட்டு, “வாய்மொழிப் புகார்னு போட்டிருக்கே. ஆஸ்பத்திரில முதல்வர்கிட்ட சொன்னீங்களாம்” என்றார்.

ஐயா, புகார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாள் முழுவதும் நான் அடிப்பதே அதுதான். மருத்துவமனையில் என் வாயிலிருந்து வந்தது புகார் அல்ல. அது கேள்வி. அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். ரயில் நிலையத்தில் இருந்தார், நாங்கள்தான் அனுப்பினோம் என்று பதில் சொல்லியிருக்க வேண்டியவர்கள், என் கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் அவர் கழுத்தில் கட்டிவிட்டார்கள். இதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. தோழியையும் அழைக்கவில்லை.

9. பயிற்சியாளரைத் தேடிப் போனேன். அவர் தம் அண்ணனின் இரும்புக் கடையில் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆணியும் கீலும் கேட்டு வருபவர்கள் நடுவில் என்னைக் கண்டதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நான்தான் புகார் கொடுத்தேன் என்று அவரும் நம்பியிருந்தார். அதில் தப்பில்லை என்றும் நினைத்திருந்தார். “நீங்க குடுத்தது நியாயம்தாம்மா. அன்னிக்கு நான் அந்த வண்டில ஏறியிருக்கக் கூடாது” என்றார். நான் கொடுக்கவில்லை என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் கேட்காத திருகாணியை எடுத்து எடை போட ஆரம்பித்தார். நெடுநேரம் நிறுத்தவில்லை. இப்போது அவர் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை என்று அண்ணன் மனைவி சொன்னார். பிள்ளைகள் கூப்பிட்டும் கடற்கரைக்குப் போகவில்லையாம்.

10. இப்போது இந்த மனுவை எழுத அவசரக் காரணம் வந்திருக்கிறது. குளத்தைச் சீரமைத்து அடுத்த மாதம் திறக்கிறார்கள். அதற்கு என் மகளின் பெயரைச் சூட்டப்போகிறார்களாம். பெயர்ப் பலகையின் திரையை நான் விலக்க வேண்டும் என்று முதல்வர் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து அழைத்தார். புதிய பயிற்சியாளர் யார் என்று கேட்டேன். உடற்கல்வி இயக்குநரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்றார். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்றார். பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, என் பெயரால் பிறப்பிக்கப்பட்ட பணிநீக்க ஆணையை ரத்து செய்ய வேண்டும். கலங்கிய நீரில் பெண்களை இறக்கியது யார், அடியில் போகச் சொன்னது யார், பயிற்சியாளரை அனுப்பியது யார் என்று என்னையும் தோழியையும் அழைத்து விசாரிக்க வேண்டும். நீரை அறிந்த ஒருவர் கரையில் நிற்கும்வரை அந்தக் குளத்தைத் திறக்க விடக் கூடாது. அதுவரை என் மகளின் பெயரை அந்தச் சுவரில் எழுத நான் சம்மதிக்கவில்லை. பயிற்சியாளர் தாம் திரும்பி வரப்போவதில்லை என்கிறார். அது அவர் விருப்பம். போவதானால் தம் கையெழுத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். என் அழுகையின் பேரில் போக வேண்டாம்.

12. இப்படி ஒரு மனு எழுதப்போகிறேன் என்று நேற்று அவரிடம் சொன்னேன். உங்களுக்காக என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். தமக்கு எதுவும் வேண்டாம் என்றார். பிறகு, “அந்த ஆணையில ‘போதிய பயிற்சி இல்லாத மாணவி’ன்னு போட்டிருக்காங்கம்மா. அத மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. என்னைப் பத்தி என்ன வேணா எழுதட்டும். அவள அப்படி எழுதக் கூடாது” என்றார்.

அதனால் இதையும் தங்கள் பதிவில் ஏற்றும்படி பணிந்து வேண்டுகிறேன். என் மகள் மிக நன்றாக நீந்துவாள்.

இடம்: நீதிமன்றச் சாலை
நாள்: மே 19

இப்படிக்கு,
(கையொப்பம்)
மாணவியின் தாய்