ஐந்தாவது குத்துவிளக்கு

காஜா பேராங், மலாக்கா
அக்டோபர் 1958

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். பிள்ளைக்கு இருமல் அடங்கி இப்போதுதான் தூங்குகிறான்; கவலை வேண்டாம். நீங்களும் அப்பச்சியும் சுகம்தானே?

எங்கள் பொதுத் தர்ம நிதியால் என் பொறுமை போய்விட்டது. ஊரார் கொடுப்பதை ஒன்றாகச் சேர்த்து, தேவையான இடத்துக்குக் கொடுப்பதுதான் ஏற்பாடு. பாலர் பள்ளிக் கூரை ஒழுகுகிறது, குழந்தைகள் நனைகிறார்கள். வந்து சேர்வதோ பெயர் வெட்டிய குத்துவிளக்குகள், இதுவரை நான்கு!

நான்காவது விளக்கைக் கொண்டுவந்த அடைக்கப்பண்ணனிடம் கூரைக்குக் கேட்டேன்.

"கூரையில பேரை எங்க ஆச்சி வெட்டுறது?"

"ஓட்டுக்கு ஓடு எழுதித் தர்றேண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அவர் யோசித்து, "ரோட்டுலேர்ந்து தெரியுமா?" என்கிறார்.

இதில் நீங்களும் விளக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் ஆத்தா, அந்தப் பணத்தைக் கூரைக்குக் கொடுங்கள். எனக்குத் தொட்டில் கட்ட உங்கள் பழைய சேலை ஒன்று போதும், துவைக்காமல் அனுப்புங்கள்.

மழை தொடங்கிவிட்டது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்,
சிகப்பி