பத்து மஞ்சள் மிளகாய்

பெரியவனோட அப்பாவுக்கு வணக்கம். உங்க முட்டி வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். வேளைக்குச் சாப்பிடுறேன்.

நான் சமைக்கிற ஹாஸ்டல் சமையலறை ஜன்னல்ல தொட்டி வச்சு வளர்த்த கரீபியன் மிளகாய் காய்ச்சிருக்கு. மஞ்சளா, குட்டிப் பூசணிக்காய் மாதிரி இருக்கு. ஒண்ணே போதும்னு தோட்டக்காரர் சொன்னார். நான் கேட்கல. நம்ம வீட்டுச் சட்னிக்குப் போடுற மாதிரி பத்தைப் போட்டு வதக்கினேன். நெடி ஏறி எல்லாரும் இருமிக்கிட்டே வாசலுக்கு ஓடிட்டாங்க. "பாட்டி, சமைக்கச் சொன்னா கொலை பண்றீங்களே!"ன்னு ரொட்டி போடுறவர் கத்தினார். நான் மட்டும் கரண்டியோட நின்னேன். அப்புறம் மறந்துபோய் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைச்சிட்டேன். ஒரு மணி நேரம் கண்ணீர் கொட்டிச்சு. பயப்படாதீங்க, இப்ப சரியாயிடுச்சு.

அது மிளகாய்க்கு வந்த கண்ணீர். எங்க அக்கா செத்ததுக்கு இன்னும் ஒரு சொட்டுகூட வரல. அவ போனது வெள்ளிக்கிழமை. நீங்க எனக்குச் சொன்னது புதன்கிழமை. "வேலை செய்யுற இடத்துல எதுக்கு அழுதுக்கிட்டு"ன்னு காரணம் வேற. அந்த அஞ்சு நாளும் நான் சிரிச்சுப் பேசிச் சமைச்சிருக்கேன். எங்க அப்பா செத்தப்பவும் உங்க அம்மா இப்படித்தான் மறைச்சாங்க. மறக்கல.

அக்கா கடைசியா என்ன சாப்பிட்டான்னு அவ மருமகளைக் கேட்டு எழுதுங்க. என் பழைய மூக்குக்கண்ணாடியையும் அனுப்புங்க.

உங்களுக்கே ஏதாவது ஆனாலும் அன்னைக்கே எனக்குச் சொல்லணும்னு பெரியவன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. சோறு வெந்துடுச்சு, வடிக்கணும்.

உங்க வீட்டுக்காரி